உறுதி உங்கள் கையில் இருக்கட்டும்!
வீடு விற்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்



ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து, மத்ரஸாப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். அறுபதைத் தொடும் ஒரு சகோதரி தன் மகளோடு வாசலில் காத்திருந்தார். புத்தளத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு போட்டோப் பிரதி.

"மௌலவி, மன்னார் வீட்ட விக்கப் போறம். புத்தளத்துல மகளுக்குக் கட்டுற வீடு பாதியில நிக்குது. வாங்க ஆளும் இருக்கு. மகன் லண்டன்ல இருந்து சொல்றான், அங்க வீடு விக்கிறவங்க லோயர் இல்லாமலே எழுத்து வேலையத் தாங்களே செஞ்சிக்கலாமாம். நாங்களும் அப்படிச் செஞ்சா அந்தக் காசு மிச்சந்தானே?"

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது, ராத்தா?"

"எனக்கு வாப்பா சீதனமாத் தந்த வீடு மௌலவி. என்ட கலியாணத்தோட தந்தது. தொண்ணூறுல வெளிக்கிடும் வரைக்கும் நாங்கதான் அதுல இருந்தம்."

பிரதியை விரித்துப் பார்த்தேன். அதில் அவருடைய பெயர் இல்லை. வாப்பாவின் பெயரே இருந்தது. வாப்பா மௌத்தாகிப் பல வருடங்கள். உம்மா இருக்கிறார். இரண்டு சகோதரர்கள், இவரோடு சேர்த்து மூன்று சகோதரிகள். ஒரு சகோதரர் குவைத்தில்.

அந்த மாலை நாங்கள் பேசியவற்றை, இதே நிலையில் உள்ள மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

லண்டனும் மன்னாரும் ஒன்றல்ல

மகன் சொன்னது பொய்யல்ல. இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளின் உரிமையை அரசாங்கமே ஒரு பதிவேட்டில் எழுதி, அதற்கு உத்தரவாதமும் கொடுக்கிறது. அங்கே பொறுமையுள்ள ஒருவர் படிவங்களைத் தாமே நிரப்பி வீட்டை விற்றுவிட முடியும். தமிழ்நாட்டில்கூட ஆவண எழுத்தரிடம் பத்திரம் எழுதுவித்து, இரு தரப்பாரும் சார்பதிவாளர் முன் போய்ப் பதிகிறார்கள்.

நமது நாட்டில் வழி வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2ஆம் பிரிவின்படி, காணி விற்பனை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்கக் கையெழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தின் முன் அதற்குப் பெறுமதி இல்லை. விற்பனை மட்டுமல்ல, "விற்கிறேன், வாங்குகிறேன்" என்று செய்துகொள்ளும் உடன்படிக்கைக்கும் இதே விதிதான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நமது காணிப் பதிவகம் பெரும்பாலும் உறுதியைப் பதிகிறதே தவிர, உரிமைக்கு உத்தரவாதம் சொல்வதில்லை. உரிமையையே பதியும் முறையைக் கொண்டுவர 1998இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 'பிம்சவிய' என்ற பெயரில் படிப்படியாக நடந்து வருகிறது. அது வந்து சேராத காணிகளுக்கு, உரிமை சரியா பிழையா என்று தேடிப் பார்ப்பது வாங்குபவரின் தலையிலும், விற்பவரின் மனச்சாட்சியிலும் விழுகிறது.

ஆகவே நொத்தாரிசுச் செலவை மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் நொத்தாரிசு செய்வது கடைசி ஒரு மணி நேர வேலை. அதற்கு முந்திய வேலை முழுவதையும் நீங்களே செய்யலாம், செய்யவும் வேண்டும். அதைப் பிறரிடம் விட்டவர்கள்தாம் ஏமாறுகிறார்கள்.

குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், எழுதுபவர் நீதியாக எழுதட்டும், சாட்சிகளை வையுங்கள், சிறிதோ பெரிதோ எழுதுவதில் சலிப்படையாதீர்கள் என்பது அதன் கருத்து. எழுத்து வேலையை உலகக் காரியம் என்று ஒதுக்குபவர்கள் இந்த வசனத்தை ஒரு முறை விளக்கத்தோடு ஓதிப் பார்க்கட்டும்.

தோம்பு பார்ப்பது எப்படி?

முதல் வேலை தோம்பு பார்ப்பது. தோம்பு என்ற சொல் போர்த்துக்கீசர் வழியாக வந்து, ஒல்லாந்தர் காலத்துக் காணி இடாப்புகளுக்குப் பெயராகி, இன்றுவரை நம் வாயில் நிலைத்துவிட்டது. உங்கள் உறுதியில் பதிவாளரின் முத்திரைக்குள் புத்தகத்தின் இலக்கமும் பக்கத்தின் இலக்கமும் இருக்கும். அவற்றைக் கொண்டு காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தினால் அந்தப் பக்கத்தின் பிரதியைப் பெறலாம். அந்தக் காணி யாரிடமிருந்து யாருக்குப் போனது, ஈடு வைக்கப்பட்டதா, வழக்கு ஏதும் பதியப்பட்டதா என்பதெல்லாம் அதில் தெரியும். வாங்குபவரின் சட்டத்தரணி வழமையாக 30 வருட வரலாற்றைக் கேட்பார். நீங்கள் முந்திக்கொண்டு பார்த்துவிட்டால் பேரத்தின் நடுவில் வெட்கப்பட வேண்டியதில்லை.

பின்வருபவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள்.

நில அளவைப் படம். பழைய உறுதிகளில் "வடக்கே பனங்காணி, கிழக்கே ஒழுங்கை" என்று எழுதியிருப்பார்கள். பனையும் போயிருக்கும், ஒழுங்கையும் நகர்ந்திருக்கும். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளப்பித்துக்கொள்ளுங்கள்.

சோலைவரிப் பற்றுச்சீட்டுகள். மன்னார் நகருக்குள் என்றால் நகர சபை, வெளியே என்றால் பிரதேச சபை. நிலுவை இருந்தால் கட்டி முடியுங்கள்.

ஈடு இருந்தால் அது தீர்ந்ததற்கான உறுதி. கடனைக் கட்டியது மட்டும் போதாது. தோம்பில் ஈடு நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

காணியின் இனம் எது என்பதையும் தெளிவாக்குங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில் கிடைத்த அரச காணியை உறுதிக் காணிபோல விற்க முடியாது. பிரதேச செயலகத்தில் கேட்காமல் ஒரு சதம்கூட முற்பணம் வாங்காதீர்கள். முசலிப் பக்கத்தில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி போன்ற ஊர்களைச் சூழ்ந்த நிலங்கள் 2012இலும் 2017இலும் வெளியான வர்த்தமானி அறிவித்தல்களால் வன ஒதுக்கங்களுக்குள் வந்து பெரும் பிரச்சினையானதை அறிவீர்கள். அங்கே காணி உள்ளவர்கள் எல்லையை உறுதிசெய்த பிறகே பேரத்துக்குப் போக வேண்டும்.

மூத்தவர்கள் பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்த துண்டு ஏதும் வளவுக்குள் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வக்ஃபு செய்யப்பட்டது விற்பனைக்குரியதல்ல.

யாருடைய வீடு?

இனி, அந்தச் சகோதரியின் பிரச்சினைக்கு வருவோம். நம் குடும்பங்களில் கணக்கற்ற மனக்கசப்புகள் பிறக்கும் இடமும் இதுதான்.

இலங்கையில் முஸ்லிம்களின் வாரிசுரிமை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஷரீஅத் முறையிலேயே தீர்க்கப்படுகிறது. ஒருவர் மௌத்தானால் அடக்கச் செலவு, பின் கடன், பின் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத். மீதியே வாரிசுகளுக்கு. கணவர் கொடுக்காமல் போன மஹரும் கடன்தான் என்பதைப் பெண்களே மறந்துவிடுகிறார்கள்.

அந்தச் சகோதரியின் வாப்பாவின் பெயரிலேயே வீடு நிற்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால் இப்படி வரும். உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. வீடு 80 இலட்சத்துக்குப் போனால் உம்மாவுக்கு 10, மூன்று மகள்மாருக்குத் தலைக்கு 10, இரண்டு மகன்மாருக்குத் தலைக்கு 20 இலட்சம். ஆறு பேரும் கையெழுத்திடாமல் முழு வீடும் விற்பனையாகாது. மரணச் சொத்து சட்டம் குறிக்கும் தொகைக்கு மேற்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் டெஸ்டமெண்டரி வழக்கும் நடத்த வேண்டும். வாரிசுகளில் வயது வராத பிள்ளை இருந்தால், உம்மாவோ சாச்சாவோ அந்தப் பிள்ளையின் காணிப் பங்கைத் தம் இஷ்டத்துக்கு விற்க இயலாது. நீதிமன்ற அனுமதி வேண்டும். யதீமின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற குர்ஆனின் எச்சரிக்கை நமக்குப் புதிதல்ல.

"சகோதரிதானே, கையெழுத்தைப் போடு" என்று கூப்பிட்டு, விலையைச் சொல்லாமலே பெண்பிள்ளையின் பங்கை விழுங்கும் வீடுகள் நம்மிடையே இல்லையா? பெற்றோர் விட்டுச் சென்றதில், கொஞ்சமோ அதிகமோ, பெண்களுக்கும் பங்கு உண்டு என்று அல்லாஹ் ஸூரத்துன் னிஸாவில் தீர்மானித்துவிட்டான். அபகரித்த ஒரு சாண் நிலமும் மறுமையில் ஏழு பூமிகளாகக் கழுத்தில் மாட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது அந்நியருக்கு மட்டுமல்ல, உடன்பிறந்தவருக்கும்தான்.

ஆனால் அந்தச் சகோதரி சொன்னது வேறு. "வாப்பா எனக்குத் தந்துவிட்டார்" என்கிறார். ஷரீஅத்தில் ஹிபா என்பது கொடுத்தல், ஏற்றல், கையில் ஒப்படைத்தல் ஆகிய மூன்றாலும் நிறைவேறும். வாப்பா வாயால் கொடுத்து, மகள் ஏற்று, வாப்பா வீட்டை விட்டுக்கொடுத்து மகள் குடியிருந்திருந்தால், அல்லாஹ்விடத்தில் அது மகளுடைய வீடு. நாட்டின் சட்டமோ நொத்தாரிசு உறுதியைக் கேட்கிறது. மார்க்கம் ஒரு பக்கமும் காகிதம் மறு பக்கமும் நிற்கும்போது, இரண்டையும் ஒன்றாக்கக்கூடியவர்கள் உடன்பிறந்தவர்கள் மாத்திரமே.

பெற்றோரே, பிள்ளைக்கு வீடு கொடுப்பதாயின் உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்துவிடுங்கள். 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதியிருந்தால் மட்டுமே அந்த நன்கொடை மீளப்பெற முடியாததாகும். ஏற்கெனவே உறுதி வைத்திருக்கும் சகோதரிகள் அந்த வரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். சீதனம் நம் மார்க்கம் கேட்டதல்ல. மார்க்கம் கேட்டது மஹரை. என்றாலும் கொடுத்ததைக் கொடுத்ததாக எழுதுவது கடமை.

தொண்ணூறு விட்டுச் சென்ற முடிச்சு

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவு மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். பிள்ளைகளைத் தூக்கிய கைகளில் உறுதிகளைத் தூக்க இடமிருக்கவில்லை.

உறுதி தொலைந்ததால் உரிமை தொலைந்துவிடாது. நொத்தாரிசு தாம் எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதி, பழைய வரிச் சீட்டு, வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம் ஆகியவற்றிலிருந்து நூல் பிடிக்கலாம்.

வீட்டில் வேறொருவர் குடியிருந்தால் அதை மறைத்து விற்க முயலாதீர்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் உரிமையாளருக்கு எதிராகப் 10 வருடங்கள் தொடர்ந்து தடையின்றி ஆண்டுவந்தால் உரிமை கோர முடியும். இடம்பெயர்ந்தோருக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கில் எடுக்காமல் விட அது வழி செய்தது. வழக்குத் தொடர 2 வருட அவகாசமே தந்தது, அதுவும் கடந்துவிட்டது. ஆகவே ஆள் குடியிருக்கும் வீடு என்றால் விலை பேசுவதற்கு முன் சட்டத்தரணியிடம் போங்கள். இங்கே செலவைப் பார்க்க வேண்டாம்.

தூரத்தில் இருப்பவர்கள் காணிப் பதிவகத்தில் எச்சரிக்கை மனு பதிந்து வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அது நடைமுறையில் இருக்கும் காலத்தில் அந்தக் காணி தொடர்பாக வேறொரு உறுதி பதிவுக்கு வந்தால் உங்களுக்கு அறிவிப்பு வரும்.

வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பலாம். மோசடிகள் பெருகியதால் 2022இல் இது பற்றிய சட்டம் திருத்தி இறுக்கப்பட்டது. "எல்லாச் சொத்தையும் எப்படியும் செய்யலாம்" என்று பொதுவாக எழுதிக் கொடுக்காதீர்கள். இந்தக் காணியை, இந்த விலைக்குக் குறையாமல், விற்க மட்டும் என்று குறித்து எழுதுங்கள்.

பேரமும் பரக்கத்தும்

முற்பணம் வாங்கும்போது கொப்பித் தாளில் எழுதிக் கையெழுத்து வைப்பது நம் வழக்கம். அந்தத் தாளைக் கொண்டு நீதிமன்றத்தில் காணியையோ விற்பனையையோ நிலைநாட்ட முடியாது என்பதை மேலே சொன்னேன். பெரிய தொகை கைமாறுவதானால் உடன்படிக்கையையும் நொத்தாரிசு முன்னிலையிலேயே எழுதுங்கள். ஆனால் ஒரு முஃமினுக்கு வாக்குறுதி அல்லாஹ்விடத்தில் விசாரணைக்குரியது. காகிதம் செல்லாது என்று தெரிந்துகொண்டு, இன்னொருவர் கூடத் தருகிறார் என்பதற்காக வாக்கை முறிப்பது நயவஞ்சகத்தின் அடையாளம்.

முத்திரைவரியைக் குறைக்க, கொடுத்த விலையை விடக் குறைந்த விலையை உறுதியில் எழுதும் பழக்கமும் உண்டு. இது பொய்ச் சாட்சியம். ஆபத்தும்கூட. நாளை விற்பனை முறிந்து பணம் திரும்பும் நிலை வந்தால், எழுதிய தொகைக்குத்தான் எழுத்தில் ஆதாரம் இருக்கும்.

கூரை ஒழுகுகிறதா, கிணறு உவராகிவிட்டதா, மாரியில் வளவுக்குள் தண்ணீர் நிற்கிறதா, சொல்லிவிடுங்கள். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் இறங்கும், மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் நபிமொழியின் கருத்து. பக்கத்து வீட்டுக்காரரையும் பங்காளியையும் முதலில் கேட்டுப் பார்ப்பதும் நம் மார்க்கம் காட்டிய ஒழுங்கு.

கையெழுத்திடும் நாளில் இவற்றை நினைவில் வையுங்கள்.

தமிழில் உறுதி எழுத அதிகாரமுள்ள நொத்தாரிசைத் தேடுங்கள். வரைவை முதல் நாளே வாங்கி வீட்டில் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத உம்மாவுக்குப் படித்த மகள் வாசித்துக் காட்டட்டும். நொத்தாரிசும் வாசித்து விளக்கக் கடமைப்பட்டவர். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

பெயர், அடையாள அட்டை இலக்கம், அட்டவணையிலுள்ள நான்கு எல்லைகள், விஸ்தீரணம், படத்தின் இலக்கம், விலை. இந்த ஆறையும் விரல் வைத்துச் சரிபாருங்கள்.

பணம் வங்கி மூலம் வந்து சேர்ந்ததை உறுதிசெய்த பின் கையெழுத்திடுங்கள். எவ்வளவு பணம், எப்படிக் கைமாறியது என்று நொத்தாரிசு தம் அத்தாட்சியில் எழுதுவதைக் கவனியுங்கள்.

வெற்றுத் தாளில் எவருக்கும், கணவருக்கும் நானாவுக்கும்கூட, கையெழுத்து வைக்காதீர்கள். பெண்ணின் சொத்து பெண்ணுடையது. அதை விற்கவும் வைத்திருக்கவும் ஷரீஅத் அவளுக்கே உரிமை தந்திருக்கிறது.

வாங்குபவராக இருந்தால், உறுதி எழுதியதோடு நின்றுவிடாமல் உடனே பதிவு செய்யுங்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் முளைத்தால், மோசடியின்றிப் பெறுமதி கொடுத்து முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை.

உம்மாவின் சாட்சி

அந்தச் சகோதரியை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. "முதலில் உம்மாவிடம் போங்கள். எல்லோரையும் கூட்டுங்கள்" என்றேன். சில வாரங்கள் கழித்து அவர்கள் என்னையும் அழைத்தார்கள். புத்தளத்தில் உம்மாவின் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்தோம். குவைத்திலிருந்த சகோதரர் போனில் பேசினார்.

உம்மா தெளிவாகச் சொன்னார். "வாப்பா அவளுக்குத்தான் குடுத்தார். சாவிய நான்தான் அவட கையில வச்சன்."

சகோதரர்கள் தலையசைத்தார்கள். இளைய சகோதரி மட்டும் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ராத்தாக்கு வாப்பா வீடு குடுத்தார், நான் இல்லண்டு சொல்லல்ல. எனக்குக் கலியாணம் நடந்தது அகதி முகாமில. கிடுகுக் கொட்டிலும் ஒரு பாயுந்தான் எனக்கு வாப்பா தந்தது. அவரிட்ட வேற என்ன இருந்தது?"

கூடத்தில் யாரும் பேசவில்லை. என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்த நன்கொடைக்குச் சாட்சி நிற்க நபி (ஸல்) அவர்கள் மறுத்த செய்தியைச் சொன்னேன். பிள்ளைகளிடையே சமமாக நடப்பது வாப்பாவின் பொறுப்பு. அவர் வேண்டுமென்று பாகுபாடு செய்யவில்லை, காலம் அவருடைய கையைக் கட்டிவிட்டது. நிறைவேறிய ஹிபா மூத்தவருடையதே, அதில் மற்றவர்களுக்குக் கட்டாய உரிமை இல்லை என்றேன். அதற்கு மேல் மூத்தவர் மனமுவந்து செய்வது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது என்றும் சொன்னேன்.

மூத்த சகோதரி எழுந்து போய்த் தங்கையின் பக்கத்தில் அமர்ந்தார். விலையில் ஒரு பகுதி அவளுக்கு என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

அதன்பின் காகித வேலை இலகுவானது. சட்டத்தரணி காட்டிய வழிப்படி நடந்தார்கள். குவைத்திலிருந்து அற்றோணித் தத்துவம் வந்தது. தோம்புப் பிரதியையும், அளவைப் படத்தையும், வரிச் சீட்டையும் அந்தச் சகோதரியும் மகளுமே அலைந்து எடுத்தார்கள். உறுதி எழுதிய அன்று ஆறு பேரின் ஒப்பமும் அதில் இருந்தது. வரைவில் தெற்கு எல்லை பிழையாக இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் அந்த மகள்தான்.

சகோதரிகளே, இன்று மஃரிபுக்குப் பிறகு அலுமாரியைத் திறந்து, நீங்கள் இருக்கும் வீட்டின் உறுதியை எடுத்து வாசியுங்கள். யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கொடுத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, சாட்சி சொல்லும் உம்மாமார் நினைவோடு இருக்கும்போதே, எழுத வேண்டியதை எழுதி வையுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் வீடுகளில் ஹலாலையும் பரக்கத்தையும் தருவாயாக. பிறருடைய பங்கு எங்கள் கைகளில் தங்கிவிடாமல் காப்பாயாக. ஆமீன்.